முந்திச் சொன்னதா, பிந்திச் சொன்னதா? வன்னி மருத்துவர்களின் சாட்சியம்

கடந்த தவணையில் ஒரு நாள், உயர்தர வகுப்புப் பிள்ளையொன்று பாடம் முடிந்த கையோடு தன் கைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தது. பாடசாலைக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது என்பது வேறு விஷயம். அதில் ஒரு பழைய காணொளி. ஐந்து டாக்டர்மார் ஒரு மேசைக்குப் பின்னால் வரிசையாக இருக்கிறார்கள், முன்னால் ஒலிவாங்கிகள். ஒருவர் மாறி ஒருவர் பேசுகிறார்கள். பிள்ளை கேட்டது இவ்வளவுதான்: "சேர், இவங்க முந்திச் சொன்னது பொய்யா, பிறகு சொன்னது பொய்யா?"

யுத்தம் முடிந்தபோது இந்தப் பிள்ளை உம்மாவின் மடியில் இருந்திருக்கும். வவுனியாவில் பிறந்து வளர்ந்தும் நாற்பது மைல் வடக்கே நடந்தது என்னவென்று அதற்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்கப் பாடத்திட்டத்தில் இடமும் இல்லை. நான் அன்று அவசரத்தில் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆறுதலாக இருந்து எழுத வேண்டும் என்று நினைத்தேன். அந்தப் பதில்தான் இது.

அந்தக் காணொளி 2009 ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் நடந்த ஊடகச் சந்திப்பு. மேசையில் இருந்தவர்கள் முல்லைத்தீவு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் வரதராஜா, கிளிநொச்சி பிராந்தியப் பணிப்பாளர் சத்தியமூர்த்தி, மருத்துவர்கள் சண்முகராஜா, பல்லவன், சிவபாலன். யுத்தத்தின் கடைசி மாதங்களில் இவர்கள் வைத்தியசாலைகளிலிருந்து தொலைபேசி வழியாக உலகத்துக்குச் சொன்ன எண்ணிக்கைகள் மிகைப்படுத்தப்பட்டவை, புலிகளின் வற்புறுத்தலால் சொன்னவை, ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை இறந்த பொதுமக்கள் கூடினால் 750 பேர் என்று அன்று அவர்கள் சொன்னார்கள். அப்போது அவர்கள் சுதந்திரமான மனிதர்கள் அல்லர். மே மாத நடுப்பகுதியில் வன்னியிலிருந்து வெளியே வந்த நாள் தொட்டுத் தடுப்புக் காவலில் இருந்தவர்கள். வரதராஜா கடைசி நாட்களில் கடுமையாகக் காயப்பட்டு வந்தவர். காவலிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பேசவிட்டு, காவலுக்கே திருப்பிக் கொண்டுபோகப்பட்டார்கள்.

பிள்ளையின் கேள்விக்கு விடை தேடுவதென்றால், முதலில் வன்னி எப்படி நிர்வகிக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். தென்கிழக்கிலோ கொழும்பிலோ இருந்து இதை வாசிப்பவர்களுக்கு அது ஒரு விசித்திரமாகப் படலாம். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தன. பொலிஸ் அவர்களுடையது, நீதிமன்றம் அவர்களுடையது. ஆனால் கச்சேரி அரசாங்கத்தினுடையது. பாடசாலை, வைத்தியசாலை, தபாலகம் எல்லாம் அரசாங்கத்தினுடையவை. சம்பளம் கொழும்பிலிருந்து வரும், மருந்தும் பாடப்புத்தகமும் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் போகும். அங்கே வேலை செய்த அரச ஊழியனுக்கு இரண்டு எசமான்கள். ஒருவர் துப்பாக்கியோடு பக்கத்தில் நிற்பவர், மற்றவர் சம்பளப் பட்டியலோடு தூரத்தில் இருப்பவர். இந்த இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அந்த மருத்துவர்கள் பேசினார்கள். அவர்கள் புலிகளின் ஆட்கள் என்று சொல்பவர்களும், அவர்கள் அரசுக்கு விலைபோனவர்கள் என்று சொல்பவர்களும் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது விஷயம், எண்ணிக்கை என்பது எங்கே பிறக்கிறது என்பது. ஊரில் எத்தனை குடும்பம், எத்தனை தலை என்று கிராம அலுவலருக்கு, நமது பேச்சில் ஜீ.எஸ்.க்கு, தெரியும். குடும்ப அட்டையில் பதிவு இருக்கும். அவரிடமிருந்து பிரதேச செயலகத்துக்கு, அங்கிருந்து கச்சேரிக்கு, கச்சேரியிலிருந்து கொழும்பு அமைச்சுக்கு. அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை மூட்டை அரிசி, எவ்வளவு மா, பருப்பு, சீனி என்று கணக்குப் போடுவார்கள். மருந்தும் அப்படித்தான். ஆகவே இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்வது வெறும் பிரசாரப் பொய்யோடு நிற்பதில்லை. ஓர் ஆளை எண்ணிலிருந்து வெட்டினால் அந்த ஆளின் சோறும் வெட்டுப்படும்.

2009 பெப்ரவரியில் அரசாங்கம் சொன்ன எண்ணிக்கை சுமார் 70,000. ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு சுமார் 250,000. முல்லைத்தீவில் தங்கியிருந்து வேலை பார்த்த மேலதிக அரசாங்க அதிபர் பார்த்தீபன் அனுப்பிய நிலைமை அறிக்கையில் 81,000 குடும்பங்கள், 330,000 பேர் என்று இருந்தது. அவருக்குக் கிடைத்த பதில், இந்த எண்ணிக்கை ஆதாரமற்றது, பிழையான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும் என்ற தொனியில் அமைச்சின் செயலாளரிடமிருந்து வந்த கடிதம். இந்த விவரத்தை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கையில் காணலாம். ஷெல் விழும் இடத்தில் தறப்பாளுக்குக் கீழே இருந்து கணக்கு எழுதுகிற ஓர் உத்தியோகத்தனுக்கு ஒழுக்காற்று நடவடிக்கை என்று பயங்காட்டுவதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில் வித்தியாசம் இன்னும் மோசமாயிற்று. கடற்கரைத் துண்டில் 10,000 பேர் வரைதான் மிச்சம் என்று அரசாங்கம் சொன்ன அதே நாட்களில் ஐ.நா.வின் கணக்கு 127,177. கடைசியில் யார் சொன்னது சரி என்பதைத் தீர்மானிக்க ஆணைக்குழு எதுவும் தேவைப்படவில்லை. மக்கள் வெளியே வந்தார்கள். எங்கள் வவுனியாவுக்குத்தான் வந்தார்கள். பாடசாலைகள் முகாம்களாயின. செட்டிகுளம் மெனிக் பாமில் காடு வெட்டித் தறப்பாள் நகரம் எழும்பியது. ஜூலை 10ஆம் திகதிய ஐ.நா. கணக்கின்படி அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். 70,000 என்று சொல்லப்பட்ட சனம் நான்கு மடங்காகப் பஸ்களில் வந்து இறங்கியதை இந்த ஊர் முழுக்கப் பார்த்தது. நானும் வீதியோரம் நின்று பார்த்தேன். பஸ் ஜன்னல்களில் தெரிந்த முகங்களில் கண்ணீர் இல்லை. வெறும் களைப்புத்தான்.

இனி மருத்துவர்கள். 2008 செப்டெம்பரில் ஐ.நா. ஊழியர்கள் வன்னியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சுதந்திரமான ஊடகவியலாளர்களுக்கு அனுமதியில்லை. 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. ஆறே நாளில், ஜனவரி 8இல், கொழும்பில் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார். தெற்கில் எழுதக்கூடியவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. உள்ளே நின்றவர்களில் வெளியுலகம் நம்பக்கூடிய பதவியும், கையில் பதிவேடும், பேசுவதற்குத் தொலைபேசியும் இருந்தவர்கள் இந்தச் சில மருத்துவர்கள் மட்டும்தான். இரவில் வாப்பா வானொலியைக் காதோடு வைத்துக் கேட்பார். வன்னி வைத்தியசாலையிலிருந்து ஒரு டாக்டர் பேசுவார். இன்றைக்கு இத்தனை சடலங்கள் கொண்டுவரப்பட்டன, இத்தனை பேர் காயம், இவர்களில் இத்தனை பிள்ளைகள். கணக்காளர் மாதிரிச் சொல்வார். அழமாட்டார், திட்டமாட்டார். வாப்பா ஒரு நாள், "இவர் எங்க படுத்து எழும்புறாரோ" என்று மட்டும் சொன்னார்.

அவர்கள் படுத்து எழும்பிய இடங்கள் மாறிக்கொண்டே இருந்தன. கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்கு, பிறகு உடையார்கட்டு, வள்ளிபுனம் பக்கம், புதுக்குடியிருப்பு, அங்கிருந்து புதுமாத்தளன், கடைசியில் முள்ளிவாய்க்கால். ஒவ்வொரு நகர்விலும் கட்டில் குறையும், சத்திரசிகிச்சை மேசை குறையும், காயம்பட்டவர்கள் கூடுவார்கள். ஜனவரி 29 தொடங்கி பெப்ரவரி 4 வரை புதுக்குடியிருப்பு வைத்தியசாலையில் ஷெல்கள் திரும்பத் திரும்ப விழுந்தன. ஐ.நா. நிபுணர் குழு குறைந்தது ஒன்பது நேரடித் தாக்குதல்கள் என்கிறது. அங்கிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் புதுமாத்தளனில் பாடசாலைக் கட்டடத்தில் வைத்தியசாலை நடத்தினார்கள். வகுப்பறை வார்டாகிறது, வாங்கு கட்டிலாகிறது. வாத்தியாராக இருப்பதால் அந்தக் காட்சி எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தக் கரையிலிருந்து பெப்ரவரி 10 முதல் மே 9 வரை சர்வதேச செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் காயம்பட்டோரையும் நோயாளரையும் துணைக்கு வந்தவர்களையும் ஏற்றிச் சென்றது. மொத்தம் ஏறத்தாழ 14,000 பேர். மருத்துவர்களும் அந்தக் கப்பலில் ஏறியிருக்கலாம். நோயாளியோடு துணைக்குப் போகிறேன் என்று சொன்னால் யார் கேட்பது? ஏறவில்லை.

மார்ச் மாதத்தில் வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சுகாதார அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நுண்ணுயிர்க்கொல்லி இல்லை, மயக்க மருந்து இல்லை, ஒரு போத்தல் சேலைன்கூட அனுப்பப்படவில்லை, அடிப்படை வசதியும் அத்தியாவசிய மருந்தும் இருந்திருந்தால் வைத்தியசாலையில் நடந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தடுத்திருக்கலாம் என்பது அதன் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, கடிதம் யாருக்கு எழுதப்பட்டது என்பது. தமக்குச் சம்பளம் தரும் அமைச்சுக்கு, தமது பதவிப் பெயரோடு, தமது கையொப்பத்தோடு எழுதினார்கள். பதிவேட்டைத் தலைமறைவாக வெளியே கடத்தவில்லை. அலுவலக நடைமுறைப்படியே உண்மையைச் சொன்னார்கள். பதிலாக வந்தது கண்டனம். மருந்து போதியளவு அனுப்பப்படுகிறது என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரசாங்கத்தின் நிலைப்பாடு அப்போது ஒரே சொல்லில் அடங்கியது: பூச்சியம். பொதுமக்கள் உயிரிழப்புப் பூச்சியம் என்பது கொள்கை, அதுவே நடைமுறை என்றார்கள். பூச்சியத்துக்கு ஒரு வசதியும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. வசதி என்னவென்றால், அதற்குக் கணக்கெடுப்புத் தேவையில்லை, பட்டியல் தேவையில்லை, விசாரணையும் தேவையில்லை. ஆபத்து, ஒரேயொரு சடலம் போதும் அது பொய்யாக. நூறு பேர் இறந்தார்கள் என்று ஓர் அரசாங்கம் சொல்லியிருந்தால் இருநூறு என்று சொல்பவனோடு வாதாடிக்கொண்டிருக்கலாம். பூச்சியம் என்று சொன்ன அரசாங்கத்துக்கு, பதிவேடு வைத்திருக்கும் எந்த டாக்டரும் எதிரிதான். அந்த ஐந்து பேரும் கைதானதற்கு அவர்களுடைய அரசியல் காரணம் என்று நான் நம்பவில்லை. அவர்கள் எண்ணியதுதான் காரணம்.

மறுபக்கத்துப் பொய்யையும் சொல்லாமல் விட்டால் நானும் அதே குற்றத்தைச் செய்தவனாவேன். மக்கள் தாமாக விரும்பியே தங்களோடு நிற்கிறார்கள் என்று புலிகள் சொன்னார்கள். வெளியேற முயன்றவர்களைச் சுட்டார்கள். பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ப் போருக்கு விட்டார்கள். மெனிக் பாமுக்கு வந்த தாய்மார் எங்கள் ஊர் ஆட்களிடம் இதை வாய்விட்டுச் சொல்லி அழுதார்கள். இதை மருத்துவர்கள் தொலைபேசியில் சொன்னார்களா? சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. ஷெல்லில் செத்தவர்களை எண்ண முடிந்தது. ஏன் இவர்கள் இங்கே அடைபட்டிருக்கிறார்கள் என்பதைப் பேச முடியவில்லை. ஆகவே அவர்கள் முந்திச் சொன்னது முழு உண்மை என்று நான் வாதாடவில்லை. சொன்ன அளவில் அது பொய்யில்லை என்பதே என் வாதம்.

இப்போது ஜூலை 8க்கு வருவோம். அந்த ஊடகச் சந்திப்பில் சொல்லப்பட்டதில் உண்மையும் கலந்திருந்தது. புலிகளின் அழுத்தம் இருந்தது என்பது உண்மைதான். வற்புறுத்திப் பெறப்படும் வாக்குமூலத்தின் சூட்சுமமே அதுதான். எல்லாம் பொய்யாக இருந்தால் யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான நான்கு வசனத்துக்கு நடுவில் பொய்யான ஒரு எண்ணை வைப்பார்கள். அந்த எண்ணைத் தனியே எடுத்து நிறுத்துப் பாருங்கள். 750 பேர் மட்டும் இறந்த நான்கரை மாதத்திலா ஏறத்தாழ 14,000 பேரைக் கப்பலில் ஏற்ற வேண்டி வந்தது? கொழும்பிலிருந்த ஐ.நா. அலுவலகம் 2008 ஆகஸ்ட் முதல் 2009 மே 13 வரை சேர்த்து வைத்த கணக்கில் 7,721 மரணங்கள் இருந்தன. மிக மோசமான கடைசி நாட்கள் அதில் இல்லை. நிபுணர் குழு, 40,000 வரை இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்றது. இவை வெளியாரின் கணக்குகள் என்று தள்ளுபவர்களுக்கு உள்நாட்டுக் கணக்கும் இருக்கிறது. அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிபரத் திணைக்களம் வட மாகாணத்தில் 2009இல் இயற்கையல்லாத காரணங்களால் இறந்தவர்கள் என்று பின்னர் வெளியிட்ட எண் ஏறத்தாழ 8,000. பாதுகாப்பு அமைச்சே 2011 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையில் இப்படியொரு போரில் பொதுமக்கள் உயிரிழப்பைத் தவிர்க்க முடியாமற் போனது என்று ஒப்புக்கொண்டது. பூச்சியத்தைச் சொன்னவர்களே இரண்டு வருடத்தில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் பூச்சியம் பொய் என்று முதலில் சொன்னவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக இல்லை.

மருத்துவர்கள் ஆகஸ்ட்டில் பிணையில் வெளியே வரத் தொடங்கினார்கள். பின்னாளில் வெளிநாடு சென்ற வரதராஜா, அன்று மேசையில் சொன்னது சொல்ல வைக்கப்பட்டது என்று பகிரங்கமாகச் சொன்னார். சத்தியமூர்த்தி நாட்டிலேயே நின்றார், பல வருடங்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளராக இருந்தார். கொரோனாக் காலத்தில் தொலைக்காட்சியில் அவர் தொற்று எண்ணிக்கை சொல்லும்போதெல்லாம் எனக்கு வாப்பாவின் வானொலிதான் ஞாபகம் வரும்.

காவலில் இருந்து மறுத்துப் பேசியதால் அவர்களுடைய தியாகம் குறைந்துவிட்டதா? சில தமிழ் நண்பர்கள் குறைந்ததாகவே பேசுகிறார்கள். சாகும்வரை உறுதியாக நின்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. வீரவணக்கத்துக்குப் பழகிப்போன மனம் உயிரோடு திரும்பி வந்தவனைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இந்த இடத்தில் நமக்கு, முஸ்லிம்களாகிய நமக்கு, வேறொரு அளவுகோல் கையிலிருக்கிறது. அம்மார் இப்னு யாஸிர் (ரழி) அவர்களின் சம்பவத்தை மதரஸாவில் ஓதிய எல்லோரும் அறிவோம். தாய் சுமையாவும் தந்தை யாஸிரும் வதைத்துக் கொல்லப்பட்ட பின், வேதனை தாங்காமல் குறைஷிகள் கேட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு, அழுதபடி நபி (ஸல்) அவர்களிடம் வந்தார் அம்மார். உள்ளம் எப்படி இருக்கிறது என்று நபியவர்கள் கேட்டார்கள். உள்ளம் ஈமானில் உறுதியாக இருப்பதாகச் சொன்னபோது, அவர்கள் மறுபடி அப்படிச் செய்தால் நீயும் மறுபடி அப்படியே சொல் என்று ஆறுதல்படுத்தினார்கள். ஸூரா அந்நஹ்லின் 106ஆம் வசனம் நிர்ப்பந்திக்கப்பட்டவனுக்கு விதிவிலக்கு அளிப்பதை இதனோடு சேர்த்தே முபஸ்ஸிரீன்கள் விளக்குவார்கள். இதிலிருந்து வளர்ந்ததுதான் பிக்ஹில் இக்ராஹ் பற்றிய பேச்சு. நிர்ப்பந்தத்தின் கீழ் பெறப்பட்ட இக்ராரை ஆதாரமாகக் கொள்ள முடியாது என்பது சட்டம் படிக்காத சாதாரண மனிதனுக்கும் விளங்கும் நியாயம். அல்பகராவின் கடன் வசனத்தில், எழுதுபவனுக்கோ சாட்சி சொல்பவனுக்கோ தீங்கு செய்யப்படக் கூடாது என்ற கட்டளை இருக்கிறது. அது கடன் பத்திரத்துக்குச் சொல்லப்பட்டது. ஒரு கடனுக்கே அப்படியென்றால், இறந்தவர்களின் பதிவேட்டை எழுதியவனுக்கு எவ்வளவு பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும்!

எண்ணிக்கையோடு தொடர்பான இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை. 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது அவர் ஒரு கழித்தல் கணக்கைக் கொண்டுபோய் வைத்தார். கச்சேரிப் பதிவின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059. வெளியே வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? இந்த எண்ணைக் கொல்லப்பட்டவர்களின் எண்ணிக்கையாக மேடைகளில் முழங்குபவர்கள் இருக்கிறார்கள், ஆயரைப் பொய்யர் என்று திட்டுபவர்களும் இருக்கிறார்கள். இரு சாராரும் அவர் சொன்னதை ஒழுங்காக வாசிக்கவில்லை. இத்தனை பேர் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. அரசாங்கத்தின் பதிவையும் ஐ.நா.வின் பதிவையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்துக்குக் கணக்குக் காட்டுங்கள் என்று கேட்டார். பதிவு கூட்டி எழுதப்பட்டிருந்தால் அதையும் காட்டலாமே. 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். கேள்வி பதிலில்லாமலே கிடக்கிறது.

இதை வாசிக்கும் சிலருக்கு மனதில் ஒரு முள் இருக்கும் என்பது தெரியும். எனக்கும் உண்டு. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா ஆட்கள் உடுத்த உடுப்போடு நடந்தபோது, யார் நமக்காகக் கணக்கு எழுதினார்கள்? இப்போது நாம் ஏன் இவர்களுக்காக எழுத வேண்டும்? புத்தளம் போன சொந்தக்காரர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் பார்த்துவிட்டு என்னிடம் இதையே கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எழுதியவர்கள் ஒருவருமே இல்லை என்பது சரியல்ல. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் (யாழ்ப்பாணம்) எழுதியது. அதன் ஸ்தாபகர்களில் ஒருவரான ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரில் இருக்க முடியாமற் போன பின்னும் ராஜன் ஹூலும் ஸ்ரீதரனும் நின்றுவிடவில்லை. முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதையும் கிழக்கில் பள்ளிவாசல்களில் கொல்லப்பட்டதையும் தமிழர்களாக இருந்துகொண்டே ஆவணப்படுத்தினார்கள். தமது சமூகத்துக்குள்ளே துரோகிப் பட்டம் வாங்கியதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. நாமும் அவர்களுக்கு ஒரு சின்ன நன்றிகூடச் சொன்னதில்லை, அதுவும் உண்மைதான்.

பிறகு நமது முறை வந்தது. 2019 மே 23இல் ஒரு சிங்களத் தினசரியின் முன்பக்கத்தில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் சிங்களப் பௌத்தத் தாய்மாருக்குக் கள்ளத்தனமாகக் கருத்தடை செய்துவிட்டார் என்று செய்தி வந்தது. அடுத்த நாள் இரவு குருநாகல் போதனா வைத்தியசாலை டாக்டர் ஷாபி ஷிஹாப்தீன் கைது செய்யப்பட்டார். நாலாயிரம் என்ற எண் எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது? எந்தப் பதிவேட்டிலும் இல்லை. பூச்சியத்துக்குச் சடலங்களை மறைக்க வேண்டியிருந்தது, நாலாயிரத்துக்கு இல்லாத நோயாளிகளை உண்டாக்க வேண்டியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் பதிவேடுதான் நின்றது. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவரோடு வேலை செய்த தாதிமாரிடமும் டாக்டர்மாரிடமும் வாக்குமூலம் எடுத்து, குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. ஊர் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், இப்படி நடக்கச் சாத்தியமில்லை என்று சொன்ன அந்தச் சிங்களத் தாதிமாரை நாம் போதிய அளவு நினைக்கவில்லை. அவர்களும் அடுத்த நாள் அதே வார்டுக்கு, அதே பஸ்ஸில் போக வேண்டியவர்கள்தானே. திணைக்களத்தின் அப்போதைய பணிப்பாளர் ஷானி அபேசேகர அவ்வருடம் ஆட்சி மாறியதும் இடம் மாற்றப்பட்டார், அடுத்த வருடம் வேறொரு வழக்கில் கைதாகிப் பல மாதம் சிறையிலிருந்தார்.

டாக்டர் ஷாபிக்கு ஜூலை 25இல் பிணை கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. கட்டாய விடுமுறையில் வைக்கப்பட்டிருந்த காலத்துக்கான நிலுவைச் சம்பளம் 2022இல் வந்தது, இருபத்தாறு இலட்சத்துக்கும் மேல். அது நாட்டில் எரிபொருளும் இல்லை, மருந்தும் இல்லை என்றிருந்த காலம். அந்தப் பணம் முழுவதையும் அத்தியாவசிய மருந்து வாங்கும்படி சுகாதார அமைச்சுக்கே அவர் திருப்பிக் கொடுத்தார்.

அமைச்சு அதே அமைச்சுத்தான். பதின்மூன்று வருடங்களுக்கு முன் புதுமாத்தளனிலிருந்து ஒரு போத்தல் சேலைன் கேட்டுக் கடிதம் போனதும் அங்கேதான்.

பிள்ளையிடம் இவ்வளவையும் ஒரே நாளில் சொல்ல முடியவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு விட முன்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். கடைசி நாள் காணொளியைத் திரும்ப ஓடவிட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, முகங்களை மட்டும் பார்க்கச் சொன்னேன். பார்த்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டது: "சேர், அவங்க எழுதின பதிவேடெல்லாம் இப்ப எங்க?"

தெரியாது மகள் என்றேன்.